வாரத்துக்கு ஒரு கப்பல்: அமெரிக்காவின் நடுநிலைமை போரில் முடிந்த விதம், 1914–1917

1917 ஜனவரி 31 அன்று மாலை, வாஷிங்டனில் இருந்த ஜெர்மன் தூதர் பெர்ன்ஸ்டார்ஃப், அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங்கைச் சந்தித்து ஒரு குறிப்பை ஒப்படைத்தார். மறுநாள் முதல் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளைச் சூழ்ந்த கடற்பரப்பில் எந்த நாட்டுக் கப்பல் தென்பட்டாலும் முன்னறிவிப்பின்றித் தாக்கப்படும் என்பதே அதன் சாரம். அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு பயணிகள் கப்பல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு வரலாம். அது ஞாயிற்றுக்கிழமை வந்து சேர வேண்டும், புதன்கிழமை புறப்பட வேண்டும். கப்பலின் உடலில் ஒரு மீட்டர் அகலத்தில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும் செங்குத்துப் பட்டைகள் தீட்டப்பட வேண்டும். ஒவ்வொரு பாய்மரத்திலும் வெள்ளை சிவப்புக் கட்டம் போட்ட பெரிய கொடி பறக்க வேண்டும். இரவில் அந்த அடையாளங்கள் தூரத்திலிருந்து தெரியும்படி விளக்குகள் எரிய வேண்டும். போர்த்தடைச் சரக்கு, அதாவது எதிரியின் போருக்கு உதவும் பொருள், எதுவும் ஏற்றப்படவில்லை என்று அமெரிக்க அரசு உறுதி தர வேண்டும்.

உலகின் மிகப் பெரிய நடுநிலை நாட்டுக்கு மற்றொரு நாடு தன் கப்பலுக்கு என்ன நிறம் பூசுவது என்று சொல்லிக்கொடுத்த அந்த நாளிலிருந்து அறுபத்தாறாம் நாள், 1917 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்கா ஜெர்மனி மீது போர் தொடுத்தது. மூவாயிரம் மைலுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்த, தன் மண்ணில் ஒரு குண்டுகூட விழாத ஒரு போருக்குள் அந்த நாடு எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. நீர்மூழ்கிக் கப்பல்கள்தான் காரணம் என்பது ஒன்று. வங்கிகளும் ஆயுத வியாபாரிகளும்தான் காரணம் என்பது மற்றொன்று. ஆவணங்களின் வரிசையைப் பொறுமையாகப் பின்தொடரும்போது இவ்விரண்டும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாகத் தெரிகின்றன. அந்தக் கண்ணிகள் இணைந்த இடம் வாஷிங்டனில் இல்லை, பெர்லினில் இருக்கிறது என்பதே இந்த ஆய்வின் வாதம்.

தொடக்கத்திலேயே சாய்ந்திருந்த தராசு

1914 ஆகஸ்ட் 4 அன்று அதிபர் உட்ரோ வில்சன் நடுநிலைமையை அறிவித்தார். இரு வாரங்களுக்குப் பின், செயலில் மட்டுமன்றி எண்ணத்திலும் பாரபட்சமின்றி இருக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளுக்கு நியாயமான காரணம் இருந்தது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 9.2 கோடியாக இருந்த மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர் அல்லது வெளிநாட்டில் பிறந்த பெற்றோரின் பிள்ளை. ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பங்கள் பல லட்சம். பிரிட்டனின் பெயரைக் கேட்டாலே கொதிக்கும் ஐரிஷ் மக்களும் ஏராளம். ஐரோப்பியப் போர் தங்கள் தெருக்களுக்குள் வந்துவிடுமோ என்ற அச்சம் வில்சனுக்கு உண்மையாகவே இருந்தது.

ஆனால் நடுநிலை என்பது அறிவிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. கடல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதற்கு உருவம் கொடுக்கிறார். பிரிட்டன் போரில் இறங்கிய முதல் நாளிலேயே, ஆகஸ்ட் 5 அதிகாலையில், ஜெர்மனியின் கடலடித் தந்தி வடங்களை பிரிட்டிஷ் கப்பல் ஒன்று அறுத்தெறிந்தது. அதன்பின் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்க நாளிதழ்களுக்குப் போன தந்திச் செய்திகளில் பெரும்பங்கு லண்டன் தணிக்கையைக் கடந்தே போயிற்று. நவம்பரில் வடகடல் முழுவதையும் போர்ப்பகுதி என்று பிரிட்டன் அறிவித்தது. 1915 மார்ச்சில் ஜெர்மனிக்குச் செல்லும் எல்லாச் சரக்கையும், உணவு உட்பட, தடுக்கத் தொடங்கியது. சர்வதேச வழக்கத்துக்கு இது பொருந்தாது என்று அமெரிக்கா நீண்ட கடிதங்கள் எழுதியது. கடிதங்களோடு அது நின்றுவிட்டது. பிரிட்டன் சரக்கைப் பறிமுதல் செய்து பெரும்பாலும் விலை கொடுத்தது, ஆளைக் கொல்லவில்லை. சரக்கு இழப்பை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளலாம், உயிரிழப்பை அப்படித் தீர்க்க முடியாது என்ற வேறுபாடு வில்சனின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. அந்த வேறுபாட்டை யாரும் எளிதில் மறுத்துவிட முடியாது. எனினும் ஜெர்மனியின் பார்வையில் அது, தன் குழந்தைகளின் பட்டினியை ஒரு நடுநிலை நாடு சரக்குக் கணக்கில் எழுதிவைத்ததாகவே பட்டது.

பணம் போன வழி

அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், போர் மூண்ட இரண்டாம் வாரத்திலேயே வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். போர்த்தடைச் சரக்குகளிலேயே மிகக் கொடியது பணம், ஏனெனில் மற்ற அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டவை என்றார். போரிடும் நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கடன் தருவது நடுநிலைமையின் உண்மையான உணர்வுக்கு முரணானது என்று அரசும் அறிவித்தது. அந்த நிலைப்பாடு இரண்டு மாதம்தான் தாங்கியது. அக்டோபரில், ‘கடன்’ வேறு, வியாபாரத்துக்கான ‘தவணை வசதி’ வேறு என்ற ஒரு மெல்லிய பிரிவினையின் வழியாகக் கதவு சற்றே திறக்கப்பட்டது. 1915 ஜனவரியில் ஜே.பி. மார்கன் நிறுவனம் பிரிட்டிஷ் அரசின் கொள்முதல் முகவரானது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், கடன் மறுக்கப்பட்டால் ஏற்றுமதி நின்று நாட்டில் தொழில் முடங்கும் என்று நிதிச் செயலரும் பிரையனுக்குப் பின் வந்த லான்சிங்கும் வில்சனிடம் எடுத்துரைத்தார்கள். அக்டோபரில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சேர்த்து 50 கோடி டாலர் கடன் திரட்டப்பட்டது.

இந்த வரிசையில் எந்த ஒரு படியையும் சதி என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு படியும் அந்தந்த மாதத்தில் நியாயமாகத் தோன்றியது. நடுநிலை நாட்டின் குடிமக்கள் எவருக்கும் பொருள் விற்கலாம் என்பது சட்டப்படி சரி. வாங்குபவரில் ஒருவருக்கு மட்டும்தான் கடல்வழி திறந்திருந்தது என்பது அமெரிக்கா செய்த ஏற்பாடும் இல்லை. ஆனால் விளைவு எண்களில் தெரிந்தது. பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேசநாடுகளுடனான வணிகம் 1914இல் ஏறத்தாழ 82 கோடி டாலராக இருந்தது, 1916இல் 320 கோடியைத் தொட்டது. ஜெர்மனி, ஆஸ்திரியா தரப்புடனான வணிகம் சுமார் 17 கோடியிலிருந்து ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. 1917 ஏப்ரலுக்குள் நேசநாடுகள் அமெரிக்காவில் பெற்ற கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனி பெற்றது 2.7 கோடி. கோதுமை விளைவித்தவர், பருத்தி விற்றவர், எஃகு உருக்கியவர், ரயிலில் சரக்கேற்றியவர் என அனைவரின் வரவும் ஒரு தரப்பின் போர்ச் செலவோடு பின்னிக்கிடந்தது.

பொறுப்பேற்பு என்ற ஒரு சொல்

1915 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றிய கடலைப் போர்க்களமாக ஜெர்மனி அறிவித்தபோது, வில்சன் ஆறே நாளில் பதில் அனுப்பினார். அமெரிக்கக் கப்பலோ உயிரோ இழக்கப்பட்டால் ஜெர்மன் அரசு ‘கண்டிப்பான பொறுப்பு’ ஏற்க நேரிடும் என்பது அதன் வாசகம். அமெரிக்காவின் நடுநிலைமை முறிந்த நாள் எது என்று என்னைக் கேட்டால், போர்ப் பிரகடன நாளைக் காட்டிலும் இந்த நாளையே சுட்டுவேன். பொறுப்பேற்கச் செய்வது என்றால் என்ன, எந்த எல்லைவரை என்று அப்போது யாரும் வரையறுக்கவில்லை. அமெரிக்கக் கப்பலில் செல்லும் அமெரிக்கருக்கா, போரிடும் நாட்டின் கப்பலில் தாமே விரும்பிப் பயணச்சீட்டு வாங்கிச் செல்லும் அமெரிக்கருக்குமா என்ற கேள்வியும் அந்தரத்தில் விடப்பட்டது.

விடை மூன்று மாதத்தில் வந்தது. மே 1 அன்று நியூயார்க்கிலிருந்து பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் லூசிட்டானியா புறப்பட்டது. அன்று காலை நாளிதழ்களில், பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பல்களில் போர்ப்பகுதிக்குள் செல்வோர் தம் சொந்த ஆபத்தில் செல்கிறார்கள் என்ற ஜெர்மன் தூதரகத்தின் விளம்பரம் வெளியாகியிருந்தது. கப்பலில் ஏறத்தாழ 1,960 பேரும், சரக்கறையில் சுமார் 42 லட்சம் துப்பாக்கித் தோட்டாக்களும் இருந்தன. மே 7 பிற்பகலில், அயர்லாந்தின் தென்கரையில் கின்சேல் முனைக்கு அப்பால், யு-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி செலுத்திய ஒரே டார்பிடோ வலப்பக்கத்தைத் துளைத்தது. அடுத்த நொடிகளில் உள்ளே இரண்டாவது வெடிப்பு கேட்டது. கப்பல் ஒரு புறமாகச் சாய்ந்ததால் ஒரு பக்கத்துப் படகுகள் தளத்தின் மீதே மோதின, மறுபக்கத்துப் படகுகள் எட்டாத தூரத்தில் தொங்கின. 48 உயிர்காப்புப் படகுகளில் ஆறு மட்டுமே சரியாக இறக்கப்பட்டன. பதினெட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இறந்தோர் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களில் 128 பேர் அமெரிக்கர் என்று அப்போது கணக்கிடப்பட்டது.

இதற்குப் பின்னும் அமெரிக்கா போருக்குப் போகவில்லை என்பதையும், சுமார் இரண்டாண்டு பொறுத்தது என்பதையும், லூசிட்டானியாவால்தான் போர் என்று எழுதுவோர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அரசுக்குள் ஒரு கதவு மூடியது. போர்த்தடைச் சரக்கு ஏற்றிய கப்பல், தன்னைக் காத்துக்கொள்ளப் பயணிகளை நம்பக்கூடாது, அது படைக்கு முன்னால் பெண்களையும் குழந்தைகளையும் நிறுத்துவதற்கு ஒப்பாகும் என்று பிரையன் எழுதினார். பிரிட்டனின் முற்றுகைக்கும் அதே கடுமையோடு கண்டனம் அனுப்ப வேண்டும் என்றார். வில்சன் ஏற்கவில்லை. ஜெர்மனிக்கான இரண்டாவது கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்து, ஜூன் மாதம் பிரையன் பதவி விலகினார். இருபுறமும் ஒரே அளவுகோலைக் கேட்ட ஒரே மூத்த அமைச்சர் அத்துடன் அவையை விட்டு வெளியேறினார்.

அடுத்த ஆண்டு அதே கேள்வி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு வந்தது. ஆயுதம் தாங்கிய போர்நாட்டுக் கப்பல்களில் அமெரிக்கர் பயணம் செய்யக் கூடாதென எச்சரிக்கும் தீர்மானங்களை 1916 பிப்ரவரியில் செனட்டர் கோரும் பிரதிநிதி மெக்லெமோரும் கொண்டுவந்தனர். உரிமையில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் பல அவமானங்கள் தொடரும், சர்வதேசச் சட்டத்தின் நெசவு முழுவதும் இழை இழையாகப் பிரிந்துவிடும் என்று வில்சன் பதிலளித்தார். மார்ச்சில் பிரதிநிதிகள் அவை 276க்கு 142 என்ற வாக்கில் தீர்மானத்தை ஒதுக்கிவைத்தது. அந்த 142 பேர் கோழைகள் இல்லை. ஒரு குடிமகன் பயணச்சீட்டு வாங்கும் முடிவு நாட்டின் போர் முடிவாக மாறலாகாது என்றுதான் அவர்கள் கருதினார்கள். பின்னாளில் இதே ஏற்பாடு சட்டமாகவே இயற்றப்பட்டது என்பதைக் கீழே காண்போம்.

மார்ச் 24 அன்று ஆங்கிலக் கால்வாயில் சசெக்ஸ் என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் தாக்கப்பட்டபோது, வில்சன் தன் நிலையை இறுதியாக அறைந்து வைத்தார்: பயணிகள், வணிகக் கப்பல்களை முன்னறிவிப்பின்றித் தாக்குவதை ஜெர்மனி கைவிடாவிட்டால் உறவு முறியும். மே 4 அன்று ஜெர்மனி இணங்கியது. பிரிட்டனின் முற்றுகையையும் அமெரிக்கா சட்டத்துக்கு உட்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் இணங்கியது. வில்சன் வாக்குறுதியை எடுத்துக்கொண்டு நிபந்தனையை ஏற்க மறுத்தார். அன்று இது பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் போரா அமைதியா என்ற முடிவு அத்துடன் வாஷிங்டனின் கையைவிட்டுப் போய்விட்டது. வில்சனே அதை உணர்ந்திருந்தார். ஏதோ ஒரு சின்ன ஜெர்மன் லெப்டினென்ட் நினைத்தால் எந்நேரமும் நம்மைப் போருக்குள் இழுத்துவிட முடியும் என்று அவர் மனம் நொந்து சொன்னதைக் கடற்படைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

பிளெஸ் கோட்டையில் போட்ட கணக்கு

1916இன் இறுதியில் அமெரிக்கா போருக்கு அருகில் சென்றுகொண்டிருந்தது என்று சொல்வதற்குச் சான்றில்லை. நிலைமை எதிர்த்திசையில் நகர்ந்தது. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றை பிரிட்டன் ஜூலையில் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது வில்சனைச் சினம் கொள்ளச் செய்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான டப்ளின் கிளர்ச்சியின் தலைவர்களுக்கு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகள் ஐரிஷ் அமெரிக்கரைக் கொதிக்க வைத்தன. ‘நம்மைப் போருக்கு வெளியே வைத்தவர்’ என்ற முழக்கத்தோடு நவம்பரில் வில்சன் 277க்கு 254 என்ற தேர்வாளர் வாக்குகளில் மீண்டும் வென்றார். அதே மாத இறுதியில், பிணையில்லாத வெளிநாட்டுக் கருவூலப் பத்திரங்களில் முதலீடு செய்வது குறித்து அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் வாரியம் வங்கிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் கடுமையாக்கச் சொன்னவர் வில்சன். பிரிட்டனிடம் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. வங்கிகள்தான் போருக்குத் தள்ளின என்ற வாதம் இந்த இடத்தில்தான் இடறுகிறது: பணத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த அதிபரைப் பணம் போருக்கு இழுத்தது என்று எப்படிச் சொல்வது?

பணத்தின் விசை வேலை செய்தது வேறிடத்தில். 1917 ஜனவரி 9 அன்று சிலேசியாவில் உள்ள பிளெஸ் கோட்டையில் ஜெர்மன் பேரரசர் முன்னிலையில் தளபதிகள் கூடினர். கடற்படைத் தலைவர் ஹோல்ட்சன்டார்ஃப் தயாரித்திருந்த அறிக்கை, மாதந்தோறும் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும் என்று கணக்கிட்டது. உருளைக்கிழங்கும் இல்லாமல் கால்நடைக்கிடும் கிழங்கைத் தின்று மக்கள் காலம் தள்ளிய குளிர்காலம் அது. அமெரிக்கா போரில் இறங்கும் என்பதை யாரும் மறைக்கவில்லை. தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக் நீண்ட நாள் எதிர்த்ததும் அதனாலேயே. ஆனால் தளபதிகளின் பார்வையில் அமெரிக்கா ஏற்கெனவே போரில்தான் இருந்தது. அதன் குண்டுகள் பிரான்சில் வெடித்துக்கொண்டிருந்தன, அதன் கோதுமை லண்டனுக்கு உணவாகிக்கொண்டிருந்தது, அதன் கடன் இரண்டுக்கும் விலை கொடுத்துக்கொண்டிருந்தது. அது முறைப்படி போர் தொடுத்தால் கூடுதலாக என்ன கெட்டுவிடும்? அதன் படை வந்து சேர்வதற்குள் போர் முடிந்துவிடும் என்று நம்பினார்கள். இராணுவ ரீதியில் அமெரிக்கா பூஜ்யம் என்று ஜெர்மன் கடற்படைச் செயலர் கபெல்லே, நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக்கின் குழுவிடம் அடித்துச் சொன்னார்.

நடுநிலை நாட்டின் வணிகம் அந்த நாட்டைத் தள்ளவில்லை. எதிர்த்தரப்பின் தயக்கத்தைக் கரைத்தது. இழப்பதற்கு அந்த நாட்டின் நட்பு என ஒன்று மிச்சமில்லை என்று பெர்லின் முடிவுகட்டியபோது, சசெக்ஸ் வாக்குறுதிக்கு இருந்த மதிப்பு அழிந்தது. அந்த வாக்குறுதியோடு தன் மானத்தைக் கட்டிவைத்திருந்த வாஷிங்டனுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. அமெரிக்கக் கடன் வற்றத் தொடங்கிய அதே வாரங்களில் ஜெர்மனி இந்த முடிவுக்கு வந்தது. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் பிரிட்டனின் கொள்முதல் தானாகவே சுருங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

கடைசி அறுபத்தாறு நாட்கள்

பிப்ரவரி 3 அன்று உறவு முறிந்தது. அப்போதும் வில்சன் போர் கேட்கவில்லை. ஜெர்மனியின் வெளிப்படையான பகைச்செயல் ஒன்று நடக்கட்டும் என்று காத்திருந்தார். வணிகக் கப்பல்களுக்குப் பீரங்கி பொருத்த அவர் கேட்ட அதிகாரத்தைப் பிரதிநிதிகள் அவை பெருவாரியாகத் தந்தது. செனட்டில் லா ஃபாலெட் முதலிய சிலர் பேசிப் பேசியே கூட்டத்தொடரைக் கடத்தினர். வில்சன் தன் சொந்த அதிகாரத்தில் பீரங்கி பொருத்தினார். இதற்கிடையே மார்ச் 1 அன்று நாளிதழ்களில், ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு அனுப்பிய தந்தி வெளியாயிற்று. அமெரிக்கா போரில் இறங்கினால் மெக்சிகோ ஜெர்மனியுடன் கூட்டுச் சேர வேண்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா நிலங்களை அது மீட்டுக்கொள்ளலாம் என்பது அதன் செய்தி. சமாதானப் பேச்சுக்காக அமெரிக்க அரசே நல்லெண்ணத்துடன் ஜெர்மனிக்குத் திறந்துவிட்டிருந்த தந்தி வழியில்தான் அது பெர்லினிலிருந்து பயணம் செய்திருந்தது. போலி என்று பலர் ஐயுற்ற நிலையில், சிம்மர்மனே இரு நாளில் அது உண்மை என்று ஒப்புக்கொண்டார். கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்த மேற்கு மாநிலங்களுக்கும் போர் அத்துடன் சொந்த விஷயமானது.

மார்ச் 18 அன்று மூன்று அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட செய்தி ஒன்றாக வந்தது. இருபதாம் தேதி அமைச்சரவை முழுவதும் போருக்கு இசைந்தது. அதே மாதத்தில் ரஷ்யப் பேரரசர் முடிதுறந்ததால், மக்களாட்சிக்காகப் போர் என்று சொல்வதற்கு இருந்த பெரிய இடைஞ்சலும் நீங்கியது. ஏப்ரல் 2 இரவு காங்கிரசில் பேசிய வில்சன், ஆயுதம் தாங்கிய நடுநிலைமை தான் தடுக்க வந்த விளைவையே உண்டாக்கும், போர்நாட்டின் உரிமையும் வலிமையும் இல்லாமலே நம்மைப் போருக்குள் இழுத்துவிடும் என்றார். தன் மூன்றாண்டு முயற்சியைப் பற்றி அவரே எழுதிய மிக நேர்மையான தீர்ப்பு என்று அந்த வரியைக் கருதுகிறேன். செனட் 82க்கு 6, பிரதிநிதிகள் அவை 373க்கு 50 என்று வாக்களித்தன. மறுத்து வாக்களித்தவர்களில் ஒருவர் மொன்டானாவின் ஜெனட் ராங்கின், காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண். அந்தப் போரில் உயிரிழந்த அமெரிக்கப் படையினர் சுமார் 1,16,000 பேர்.

வேறு வழி இருந்ததா

நார்வேயை வைத்துப் பார்த்தால் கேள்வி கூர்மையடைகிறது. அமெரிக்காவைவிடப் பல மடங்கு சிறிய அந்த நாடு அதே போரில் தன் வணிகக் கப்பல் கொள்ளளவில் பாதியளவையும் சுமார் 2,000 மாலுமிகளையும் இழந்தது. பிரிட்டனுடனான வணிகத்திலும் அது ஆழ்ந்திருந்தது. இருந்தும் கடைசிவரை போரில் இறங்கவில்லை. வலிமையின்மை அதற்கு ஒரு காரணம். ஒவ்வொரு இழப்புக்கும் போர் என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதது மற்றொரு காரணம். ஒரு வல்லரசுக்கு அப்படிப் பொறுத்துக்கொள்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் உயிர்ச்சேதம் ஒன்றே ஒரு நாட்டைப் போருக்குள் இழுப்பதில்லை என்பதற்கு நார்வேயின் கல்லறைகள் போதிய சான்று.

1930களில் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த வரலாற்றைத் திருப்பிப் படித்தது. செனட்டர் நை தலைமையிலான குழு 1934 முதல் ஆயுத வியாபாரிகளையும் வங்கிகளையும் விசாரித்தது. 1935, 1936, 1937 ஆண்டுகளில் நடுநிலைமைச் சட்டங்கள் வந்தன: போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கத் தடை, கடன் தரத் தடை, அவற்றின் கப்பல்களில் அமெரிக்கர் பயணம் செய்யத் தடை. பிரையன் 1914இல் கேட்டதும், கோரும் மெக்லெமோரும் 1916இல் கேட்டதும் இருபதாண்டு தாமதமாகச் சட்டமாயின. ஆனால் 1939இல் அடுத்த போர் மூண்டதும் முதலில் ஆயுதத் தடை விலக்கப்பட்டது, 1940இல் ஐம்பது பழைய போர்க்கப்பல்கள் பிரிட்டனுக்குப் போயின, 1941 மார்ச்சில் விலை வாங்காமலே தளவாடம் தரும் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 31 அன்று, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஐஸ்லாந்துக்கு மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நூறு மாலுமிகளாவது இறந்தனர். காங்கிரஸ் அப்போதும் போர் தொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அது செய்தது, 1917 மார்ச்சில் வில்சன் செய்ததையேதான்: வணிகக் கப்பல்களில் பீரங்கி பொருத்த அனுமதித்தது. பிரதிநிதிகள் அவையில் அந்தத் திருத்தம் 212க்கு 194 என்ற வாக்கில் தேறியது.